உப்புத் தண்ணீருக்கு ஒரு ரீல்

14 ஜூலை 2001, சனி

கடலே இல்லாத கோலார் தங்கவயலிலிருந்து கடல்மீன் பிடிக்கும் தூண்டில் ரீல் வாங்க, இரண்டு கிழவர்கள் இன்று பெங்களூருக்கு ரயிலேறினோம். என் நண்பன் மாணிக்கம் அடுத்த வாரம் கடலூரில் மகள் வீட்டுக்கே குடிபோகிறான். தூண்டிலைத் தொட்டதில்லை. முப்பது வருடம் சுரங்கத்துக்குள் ஆட்களைக் கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் இறக்கி ஏற்றிய இன்ஜின் டிரைவர் என்பதால், கடைக்காரரிடம் முதலில் பிரேக்கைப் பற்றித்தான் விசாரித்தான்.

"மீன் இழுத்தா பிரேக் கொஞ்சம் வழுக்கணும் சார். இல்லன்னா தூண்டில் நரம்பு அறுந்துடும்."

"வழுக்கணுமா? என் கேஜு வழுக்கியிருந்தா இன்னா ஆயிருக்கும் தெரியுமாய்யா?"

கடைக்காரர் இரண்டு ரீல்களை எடுத்து வைத்தார். இரண்டுமே புதுக் கைக்குச் சுலபமாம். ஒன்று உப்புத் தண்ணீரில் பத்து வருடம் உழைக்குமாம். மற்றது, தினமும் நல்ல தண்ணீரில் கழுவினால் இரண்டு வருடம்.

"எனக்கு ரெண்டு வருசமே ஜாஸ்தி," என்றான் மாணிக்கம். கடைக்காரர் அவனைக் கஞ்சன் என்று நினைத்திருப்பார்.

அவன் நுரையீரலைப் பற்றி டாக்டர் சொன்னதை நானும் அவன் மனைவி கமலாவும் மூன்று மாதமாக மறைத்து வருகிறோம். திறமையாக மறைத்ததாக நம்பியும் இருந்தோம். பத்து வருட ரீலுக்காக நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி வாதாடினேன்.

"சரி, உன் ஆசைக்கு வாங்கு," என்றான்.

திரும்பும் ரயிலில், இருமி முடித்த பிறகு சொன்னான்: "எனக்குத் தெரியும்னு கமலாகிட்ட சொல்லாதடா. பாவம், கஷ்டப்பட்டு மறைக்கிறா."

தங்கவயலில் பாலகாட் பகுதியிலுள்ள அவன் வீட்டு வாசலிலேயே கமலா கேட்டாள்: "இன்னாண்ணா, ரீலு எத்தினி வருசம் வருமாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "பத்து," என்றான்.

"அவ்ளோ நாளா!" என்று அவள் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். முதலில் நிறுத்த மூவருக்குமே துணிவில்லை.