மஞ்சள் விழுந்த வரிகள்

பழவேற்காட்டுக்குள் கடல் ஏறியதே, அதற்கு அடுத்த வருசம்; மழையில் ஏரி உடைந்து ரயில் நின்றுபோன ஐப்பசியில் நடந்தது இது. இன்று கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் சூட்டு இரும்பு வாடை மூக்கில் ஏறியது. உன் ஞாபகம் வந்துவிட்டது, அம்மாடி. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கம்பி வெட்டும் மெஷினில் நானும் பாயும் ஒரே ஷிப்டு. என் மகள் வயசு உனக்கு. கண்ணாடி ரூமில் கம்ப்யூட்டர் பார்த்தாய். கம்பி சிக்கினால் நாங்கள் மெஷினை நிறுத்த மாட்டோம், கதவைத் திறந்து கையை விட்டு இழுப்போம். அதைப் பார்த்துப் பதறித்தான், கதவு திறந்தால் கத்தி இறங்காதபடி ப்ரோக்ராமில் நீ சில வரிகள் எழுதினாய். எங்களுக்குத் தைரியம் இன்னும் கூடிப்போனது.

அதே ப்ரோக்ராமைச் சென்னை ஆபீஸ்காரர் ஒருவரும், உனக்குத் தெரியாமல், வேகத்துக்காகத் திருத்தியிருந்தார். இரண்டையும் சேர்க்கும்போது, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கம்ப்யூட்டர் இடத்துக்கு இடம் கேட்டதாம். பொறுமையில்லாமல் அவர், தான் திருத்திய வலப்பக்கமே மொத்தமும் என்று ஒரே அமுக்காக அமுக்கிவிட்டார். மெஷினும் ஜோராக ஓடியது.

உனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நான் டீ கொண்டுவந்தபோது திரையில் எழுத்து இரண்டு பத்தியாக நின்றது.

"இதப் பாரு நைனா, இந்தாண்ட நான் எழுதுனது, அந்தாண்ட இப்ப ஓடுறது. எங்க மாறிச்சோ அங்க மஞ்சளா காட்டும்."

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, ஆறு வித்தியாசம் ஆடிக்கினு கீறியா? லைன்தான் சூப்பரா ஓடுதே!"

நீ எழுத்தைக் கீழே நகர்த்திக்கொண்டே போனாய். இடப்பக்கம் மஞ்சளாக ஒரு பட்டை. வலப்பக்கம் அதே இடத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணாடிக்கு வெளியே பாய் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"பாய்! கைய எடு!"

அந்தச் சத்தத்தில் எங்கே கேட்கும்? ஓடினாய். செருப்பு ஒன்று வாசலிலேயே கிடந்தது. சிவப்புப் பொத்தானை அறைந்தாய். அடுத்த வெட்டுக்கு ஏறிய கத்தி மேலேயே நின்றது.

பாய் திரும்பிப் பார்த்து, "கதவு தொறந்தா அதுவே நிக்குமே, இன்னாத்துக்குமா பேஜாரு?" என்றார்.

"இப்ப நிக்காது பாய்" என்று சொல்லி, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாய்.

அப்புறம் ஆபீஸ்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மஞ்சள் விழுந்த ஒவ்வொரு இடமாக, இது உங்களது, இது என்னுடையது, இங்கே இரண்டும் வேண்டும் என்று சேர்த்தாய். சூப்பர்வைசர் குரலைத் தணித்து, "இன்னும் வித்தியாசம் கீதாமா?" என்று கேட்டார்.

"கீது சார். முடியிற வரைக்கும் லைன் ஓடாது."

கதவைத் திறந்து, கட்டையை உள்ளே விட்டுப் பார்த்த பிறகுதான் ஓடவிட்டாய். "புதுசுல இன்னா வந்துச்சுன்னு எல்லாரும் பாப்பாங்க நைனா, பழசுலர்ந்து இன்னா போச்சுன்னு பாக்கணும்" என்றாய். இன்றைக்கும் டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினால், பழைய சீட்டில் இருந்ததில் எது போயிற்று என்று கேட்கிறேன். மருமகள் சிரிக்கிறாள்.

சூப்பர்வைசர் போய்விட்டார். ஆபீஸ்காரரும் இல்லை. போன மாதம் நீயும் போனாய். எனக்கு முன்னால் போகிற வயசா உனக்கு? வேப்பம்பட்டுக் கல்லறையில் உன் பெட்டியை இறக்கியபோது கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்தேன். எதிர்முனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தவர்தான், அன்று அந்த மெஷினண்டை இருந்தவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பவர். காசிம் பாய்.