காலியாக இருந்த குழி

அன்புள்ள மனைவிக்கு,

இங்கு நான் நலம். உன் முதுகுவலி தணிந்ததா?

நேற்று நடந்ததைப் படித்துப் பதற வேண்டாம். விமானப் பட்டறையில், ஒவ்வொரு கருவியின் வடிவிலும் ஃபோமில் குழி வெட்டி இழுப்பறைகளில் பதிக்கிறேன் அல்லவா? ஒரு குழி காலியாக இருந்தாலும், கருவி விமானத்துக்குள் விடுபட்டிருக்குமோ என்று விமானத்தைக் கிளப்ப மாட்டார்கள். நேற்று ஒரு சிறிய திருப்புளியைக் காணவில்லை.

"வக்கீல் சார், கடைசியா அந்த டிராயரைத் தொட்டது நீங்கதானே? பையைக் காட்டுங்க" என்றார் மேலாளர். ஊரில் நான் வக்கீலாக இருந்ததை இங்கே யாரும் மறப்பதில்லை.

"காட்டறேன். முதல்ல டிராயரை முழுசாப் பாத்துடலாம்" என்றேன்.

ஃபோமைத் தூக்கினேன். அடியில் கிடந்தது. நான் குழியை அடிவரை வெட்டிவிட்டதால் நழுவியிருக்கிறது. எச்சரிக்கையோடு விட்டார்கள். கிடைத்திராவிட்டால் வேலை போய், அடுத்த விமானத்தில் நானே ஊருக்கு வந்து இறங்கியிருப்பேன்.

மகளின் பாதத்தைத் தாளில் வைத்து, சுற்றிக் கோடிட்டு அனுப்பு. செருப்பு வாங்கத்தான். உன் கையையும் அப்படியே வரைந்து அனுப்பு. அதற்கு மட்டும் காரணம் கேட்காதே.

வேலைக்கு மணி அடிக்கிறது.

உன் கணவன்