ஜெபம் செய்து அனுப்பினேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். ஹட்டன் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி?

இங்கே ராகலைத் தோட்டத்தில் போன செவ்வாய் யூஜினா அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். "பாஸ்டர், ஆஸ்பத்திரிக்கு என்கூட வாங்க. எனக்குச் சிங்களம் வராதுங்க" என்றார். அர்த்தமுள்ள வாழ்வைப் பற்றிப் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் தலையில் கைவைத்து ஜெபித்து, தனியாக அனுப்பிவிட்டேன். ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தவர் ஒருவருமில்லை. வாயு மாத்திரை கொடுத்தார்களாம். மறுநாள் இறந்துபோனார்.

வலியைச் சொல்லவே நம் சனத்துக்குத் துணைக்கு ஆள் வேண்டியிருக்கிறது. அது தெரிந்தும் நான் போகவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவர் கணவர் ஞானரட்ணம் என் கையைப் பிடித்து, "நீங்க ஜெபம் பண்ணித்தானே அனுப்புனீங்க, அதுவே போதுங்க" என்றார். திட்டியிருக்கலாம், அம்மா.

வரும் ஞாயிறு ஆராதனையில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அனுப்புவதாகச் சொன்ன என் கம்பளிச் சட்டையைத் தபாலில் போடாதீர்கள். நீங்களே கொண்டுவாருங்கள். சனிக்கிழமையே வந்துவிடுங்கள்.

மகன்,
கிளைவ்