குப்பைமாடம்

1974 மாசி, ஞாயிறு இரவு.

அப்பன் குத்தகைக்கு உழுத நிலத்துக்காரர், ஜென்மியின் பழைய மாளிகையை இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். பொண்டாட்டியோடு போனேன். வாசலில் தயங்கினாள். "காலம் மாறிப்போச்சு, நிமிந்து வா புள்ள" என்று கேலி செய்தேன்.

காவல்காரர் மலையாளத்தில், "வீடு எவிடெயா?" என்றார்.

என் வாய் தானாகச் சொன்னது: "அடியனோட குப்பைமாடம் எருத்தேம்பதியிலுங்க."

ஜென்மி முன்னால் சொந்த வீட்டை அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அப்பன் பழக்கியது. ஜென்மி செத்தே ரொம்ப நாளாச்சு.

"ஏனுங்க, நான் தினமும் மெழுகற ஊடு குப்பைமாடமுங்களா?" என்றாள்.

"உன்ற சமையக்கட்டைச் சொன்னேன்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நாளைக்கு அவள் மெழுகும் அந்த வீட்டுக்குத்தான் பட்டா கேட்டு அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். வாய் எதைச் சொல்லுமோ. தூக்கம் வரவில்லை. "என் வீடு" என்று முணுமுணுத்துப் பார்த்தேன்.

"கேக்கலீங்க, சத்தமாச் சொல்லுங்க" என்கிறாள் பாயிலிருந்து.