ஜன்னலுக்கு வெளியே படித்த இங்கிலீஷ்

மதினி,

இன்று மத்தியானம் கோவில்பட்டியில் என் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கிவந்து பிரித்தேன். பூண்டும் மிளகாயும் சேர்ந்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. பாதி தின்ற பிறகுதான் தாளைப் பார்த்தேன். ஏதோ பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் பரீட்சைத் தாள். கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். 'மை அங்கிள்' என்று தொடங்கி, நடுவில் ஒரு கோடு, அப்புறம் 'எ டெய்லர்.' கோட்டின் மேல் யாரோ ஒரு பிள்ளை 'ஆர்' என்று அழகாக எழுதியிருந்தது. அதன் தலையிலேயே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. மீதிச் சேவை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

அந்த நேரம் பார்த்து பக்கத்து டீக்கடையில் வேலை பார்க்கிற செல்வி வந்தாள். கல்யாணமாகி, பிள்ளையும் பள்ளிக்கூடம் போன பிறகு, இப்போது தனியாகப் பத்தாவது எழுதப் போகிறவள். எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க பம்பாயில இருந்தவியளாச்சே. இது எதுக்குத் தப்பு? மாமான்னா மரியாதைக்கு ஆர்தானே வரணும்?" என்று கேட்டாள்.

"இரு, தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று உள்ளே போய்விட்டேன். செம்புத் தண்ணீருக்குள் உங்கள் முகம் தெரிந்தது என்று எழுதத்தான் ஆசை. தெரியவில்லை. நான் எதைச் சொன்னாலும் நீங்கள் சிரிக்காமல் சொல்வீர்களே, "பாதியக் கழிச்சாச்சு கொழுந்தனாரே, மீதியச் சொல்லுங்க" என்று. அந்தக் குரல் மட்டும் கேட்டது. அதில் கழிக்க ஒன்றும் இல்லை.

நான் பம்பாயிலிருந்து கழுகுமலைக்குத் திரும்பிய நாளில் ஊரே திரண்டு என்னைப் பார்க்க வந்தது. சரி, நாலு வீடு வந்தது. கப்பல் கம்பெனியில் இருந்தேன், வெள்ளைக்காரர்களோடு இங்கிலீஷில்தான் பேச்சு, தமிழே மறந்துபோச்சு என்று அவ்வளவு பேருக்கும் சொன்னேன். துறைமுகம் போகிற ரோட்டில் ஓர் இட்லிக்கடையில் எச்சில் தட்டு எடுத்தவன் நான். எட்டாவது தாண்டாதவன். உங்களுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் நான் போட்டிருந்த பச்சைப் பளபளப்புச் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "துணி கப்பல்ல வந்ததா?" என்று கேட்டு என்னைக் குளிரவைத்தவர் நீங்கள்.

அந்த வருஷம்தான் நம் தெருப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் அம்மா ஓய்வு பெறப் போகிறார் என்று பேச்சு வந்தது. பத்தாவது பாஸ் ஆகியிருந்தால் அந்த வேலைக்கு எழுதிப் போடலாம். உங்களுக்கு இங்கிலீஷ் ஒன்றில்தான் போயிருந்தது. நீங்கள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சி மருந்து நெடி உங்களுக்கு ஆகவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று இருமி முடித்துவிட்டுத்தான் உள்ளே வருவீர்கள். கரிசல் காட்டில் அண்ணன் போட்ட பருத்தி இரண்டு வருஷமாக வானத்தைப் பார்த்தே காய்ந்துபோயிருந்தது. அதனால் ஆபீசை விடவும் வழியில்லை. அந்த நெடியிலிருந்து வெளியே வர உங்களுக்கு இருந்த ஒரே வாசல் அந்த இங்கிலீஷ்தான்.

கோவில்பட்டியில் டியூஷன் போகட்டுமா என்று அண்ணனிடம் கேட்டீர்கள். "பம்பாய்க்காரன் வீட்டுலயே சும்மா கெடக்கான். டியூஷன் எதுக்கு?" என்றார் அண்ணன். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன்தான். "மதினியை ஸ்டேட் பர்ஸ்ட்டே வாங்க வச்சிருதேன்" என்றேன்.

நீங்கள் உலை வைத்துவிட்டு மடியில் கைடோடு உட்கார, நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடத்திய பாடம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"அண்ணாச்சி வாரான்னு சொல்லுவோமா, வாராவன்னு சொல்லுவோமா?"

"வாராவன்னு."

"ஒத்த ஆளுதான். ஆனாலும் மரியாதை குடுக்கோம்லா? இங்கிலீஷ்காரன் மட்டும் மரியாதை கெட்டவனா? பெரிய மனுசன்னா ஆர் போடணும். நூறு ஆடு வந்தாலும் ஆடு வருதுன்னுதானே சொல்லுதோம்? அதனால ஆடு மாடு எத்தனை இருந்தாலும் இஸ்."

"அப்ப ரெண்டு திருடன் வந்தா?"

"திருட்டுப் பயலுக்கு என்ன மதினி மரியாதை? இஸ்தான்."

"உங்களுக்கு?"

"எனக்கு ஆர். சந்தேகமே வேண்டாம்."

நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். என் திறமையில் சொக்கிப்போய்ச் சிரிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். சிரித்தாலும் நம்பினீர்கள். ஒருமை பன்மைக் கேள்வி வந்த இடத்தில் எல்லாம் நான் சொன்னபடியே பெரிய மனிதர்களுக்கு மரியாதை கொடுத்தும், ஆடு மாடுகளுக்கு மறுத்தும் எழுதிவிட்டு வந்தீர்கள்.

ரிசல்ட்டில் மறுபடியும் போயிற்று.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் பனைமரமே பற்றியிருக்கும். "ஏலே, கப்பல்ல இதத்தாம்லே படிச்சியா?" என்று கத்தினார். நீங்கள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "அவிய ஒழுங்காத்தான் சொல்லிக்குடுத்தாவ. நாந்தான் பயத்துல மாத்திப் போட்டுட்டேன். அவியள வையாதிங்க" என்றீர்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? தலையைக் குனிந்திருக்க வேண்டும். "பயப்படாதிங்க மதினி, அடுத்த தடவை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். இருமிக்கொண்டே சரி என்று தலையாட்டினீர்கள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கோவில்பட்டி பஸ் ஏறினீர்கள். நானும் ஒரு ஞாயிறு ஏதோ சோலியாகக் கோவில்பட்டி வந்திருந்தேன். சோலி ஒன்றும் இல்லை, புரோட்டா தின்ன வந்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் போகும்போது பிள்ளைகள் சத்தமாகப் பாடம் சொல்வது கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாயில் வரிசையாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில், வயர்க்கூடையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள்.

டியூஷன் எடுக்கிற பெண்ணுக்கு உங்களைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். "அக்கா, நீங்க சொல்லுங்க. மை அங்கிள்?" என்று கேட்டாள்.

நீங்கள் எழுந்து நின்று, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இஸ்" என்றீர்கள்.

"ஆங், இப்பச் சரி. ஆளுக்கு மரியாதையெல்லாம் பாக்கக் கூடாது. ஒருத்தர்னா இஸ்தான். மொத மொதல்ல ஆர்னு சொன்னீங்களே, எந்த மகராசன் சொல்லிக்குடுத்தான்?"

பிள்ளைகள் எல்லாம் சிரித்தன.

"யாரும் சொல்லல டீச்சர். நானா நெனச்சுக்கிட்டேன்."

நான் அங்கிருந்து ஓடினேன். ஓடினேன் என்றால், வேகமாக நடந்தேன். புரோட்டாவும் தின்னவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் பாடத்துக்கு வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். உலையை வைத்துவிட்டு வழக்கம்போல வந்து உட்கார்ந்தீர்கள். கைடைப் பிரித்து, "மை அங்கிள், ஆர்தானே கொழுந்தனாரே?" என்றீர்கள்.

மதினி, அந்த ஒரு நிமிஷம் போதும், என்னை ஆயுசுக்கும் கூனிக் குறுகவைக்க. பரீட்சைக்கு ஓர் இங்கிலீஷ், வீட்டில் எனக்காக ஓர் இங்கிலீஷ் என்று இரண்டு வைத்திருந்தீர்கள். நாள் முழுக்க மருந்து நெடியில் நின்ற உடம்போடு, தப்பு என்று தெரிந்த பாடத்தை, என் முகம் வாடக்கூடாது என்பதற்காக உட்கார்ந்து கேட்டீர்கள். தெரிந்துகொண்டே நான், "கரெக்ட்! இப்பத்தான் உங்களுக்கு மூளை வேலை செய்யுது" என்றேன். பரீட்சை வரைக்கும் தினமும் அப்படித்தான் நடந்தது.

இந்தத் தடவை பாஸ். தெருவெல்லாம் கடலைமிட்டாய் கொடுத்தீர்கள். முதல் மிட்டாயை அண்ணனுக்குக் கொடுக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் என் கையில் வைத்து, "என் வாத்தியாருக்குத்தான் மொதல்ல" என்றீர்கள். நான் வாங்கித் தின்றேன். தின்றதோடு விட்டேனா? கப்பல் கேப்டன் எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன்.

அந்த வேலை கிடைத்தது. தீப்பெட்டி ஆபீசை விட்டீர்கள். முட்டையும் பருப்பும் அளந்து போட்டு நல்லபடியாகத்தான் இருந்தீர்கள். ஆனால் உள்ளே போயிருந்த நெடி உங்களை விடவில்லை. கடைசியாகப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, மூச்சுக்கு நடுவே நீங்களாகத்தான் பேச்சை எடுத்தீர்கள்.

"அன்னைக்கு டியூஷன் ஜன்னல்ல உங்க பச்சைச் சட்டையப் பாத்தேன் கொழுந்தனாரே."

எனக்கு உயிரே போய்விட்டது. "பாத்துமா மதினி தெனமும் எங்கிட்ட வந்து உக்காந்தீங்க?"

"பின்ன? நீங்க வாயடச்சுப் போய்ட்டா நம்ம வீடு வீடாவா இருக்கும்?"

அதோடு நீங்கள் போய்விட்டீர்கள், உங்களிடம் உண்மையைச் சொல்ல வாய்ப்பும் இல்லாமல் போயிற்று.

மதினி, தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தேன். செல்வி போகவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளும் என்னை நம்பி நிற்கிறாள் என்று தெரிந்ததும், நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்ட கப்பலை விழுங்கினேன்.

"ஆர் தப்பு செல்வி. ஒருத்தர்னா இஸ்தான். மரியாதையெல்லாம் அதுல கெடையாது. அதுக்கு மேல என்னைக் கேக்காத, எனக்குத் தெரியாது. மார்க்கெட்டுக்குப் பின்னால சந்துல ஒரு டீச்சர் இன்னும் டியூஷன் எடுக்காவ. அங்க போய்ப் பாயில உக்காரு. வெக்கப்படாத, பெரியவியளும் அங்க படிச்சிருக்காவ."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, பம்பாயில படிச்சவிய இப்படிச் சொல்லுதிய?"

"பம்பாயில நான் தட்டுதான் எடுத்தேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே இங்கிலீஷ் அந்தச் சந்துல படிச்சது."

"நீங்களும் அந்தப் பாயிலயா உக்காந்திய?"

"இல்லம்மா. ஜன்னலுக்கு வெளிய."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டே போனாள். நீங்கள் இருந்திருந்தால் வழக்கம்போலப் பாதியைக் கழித்திருப்பீர்கள். இந்த ஒன்றில் மட்டும் வேண்டாம் மதினி. முழுசாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொழுந்தன்