ஆறும் கம்பிமேல் காட்டிய கால்

அன்புள்ள விக்டோரியாவுக்கு,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சென்னையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறேன். குவைத்தில் உனக்கு லீவு தரமாட்டார்கள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லவில்லை.

மழைக்காலத்திலிருந்தே இடது கால் மரத்து, சில்லென்று இருந்தது. எங்கள் இரும்பு மில்லுக்கு மழையில் நனைந்து வந்தால், சூடாக உருட்டிப் போட்டு ஆறுகிற கம்பிகளுக்கு மேல் கையைக் காட்டிக் குளிர் காய்வோம். நான் பாதத்தைக் காட்டினேன். தோல் வெந்தது எனக்குத் தெரியவில்லை. கூட வேலை செய்யும் ரஷீத் பாய்தான் கத்தினார்: "யோவ், காலு வேவுது, நீ பாட்டுக்கு டீ குட்ச்சிகினு கீறியே!"

அந்தப் புண் ஆறவே இல்லை. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் இரண்டு இடத்தில் அடைத்திருக்கிறதாம். நாளைக் காலை தொடை இடுக்கில் கீறி, அங்கிருக்கும் அடைப்பைச் சுரண்டி எடுப்பார்கள். அதே வழியாக மெல்லிய கம்பியை மேலே விட்டு, அடிவயிற்றுக்குள் இருக்கும் அடைப்பைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைப்பார்கள். இரண்டும் ஒரே தடவையில்.

நம் மகள் ஷைனி, டாக்டரிடம், "சரியா வரலன்னா காலை எது வரைக்கும் எடுப்பீங்க, சார்?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாடி கேட்கும் சின்னக் கருவி ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். வலது பாதத்தில் புஸ் புஸ் என்று சத்தம் வந்தது. இடது பாதத்தில் நர்ஸ் இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள்.

நீ பயப்படாதே. இது உன் கைக்கு வருவதற்குள் ஷைனி போன் பண்ணியிருப்பாள்.

என் செருப்பைப் பையில் போட எடுத்தாள். இரண்டும் கட்டிலுக்கடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்