நாலு விநாடி

அன்புள்ள அப்பாவுக்கு,

மும்பையிலிருந்து பூஜிதா. முழங்கால் வலி தேவலையா? அம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? வேலை போனதைத் தவிர நான் நன்றாகவே இருக்கிறேன். பதறாதீர்கள்.

நான் ஒலி சேர்த்த அரசியல் படத்தில் ஒரு பெண், "எங்க தண்ணி எங்கீங்க போச்சு?" என்று ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கேட்பாள். கடைசியில் மந்திரியிடம் கேட்கும்போது மட்டும் அவள் குரலை எடுத்துவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. எடுத்தேன்.

தயாரிப்பாளர், "அந்த எடம் தெரியாம மேளத்தப் போட்டு மூடிரும்மா" என்றார்.

"மூட மாட்டேனுங்க சார்" என்றேன்.

கூட்டத்தின் இரைச்சல், காற்று எல்லாவற்றையும் நாலு விநாடி நிறுத்தினேன். நம் வீட்டில் தறி ஓடும்வரை யாரும் கவனிப்பதில்லை. நின்றுவிட்டால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவோமே, அந்த நினைப்பில்தான். இயக்குநர் என் பக்கம் நின்றார். படம் அப்படியே வெளியானது.

தியேட்டரில் அவள் வாய் மட்டும் அசைந்தது. பின்வரிசையில் ஓர் அம்மா சத்தமாக, "எங்க தண்ணி எங்கீங்க போச்சு?" என்றார். அப்புறம் தியேட்டரே கேட்டது.

திங்கட்கிழமை கம்பெனியில் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். எழுதவில்லை. உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

தறிச் சத்தத்தைப் பத்து நிமிடம் ஃபோனில் பதிந்து அனுப்புங்கள். இந்த அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது.

சோமனூருக்குப் படம் வந்தால் அம்மாவோடு போங்கள். சத்தம் நின்றதும் ஆபரேட்டரைத் திட்டாதீர்கள். நீங்களும் கேளுங்கள்.

உங்கள்
பூஜிதா